வேகவெச்சா கால் கிலோ போயிடும்

எம் பேரன் செல்போனைப் பார்த்துக்கினே திடீர்னு கையைத் தூக்கினான். யாருக்கோ கும்பிடு போடறானாக்கும்னு நானும் தூக்கிட்டேன். "தாத்தா, கையை எறக்கு. ஒன்னால விலை ஏறிடப்போவுது"ன்னான். 2025-ஆம் வருஷம், மே மாசக் கடைசி. மும்பையில புரோ கபடி ஏலம். இவன் ஆரணிப் பக்கத்துத் திருமலையில தறிக்குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டுக்கினு தமிழ் தலைவாஸுக்கு ஆள் எடுக்கறான். தறியில பாதிப் புடவை நிக்குது. ஊடை போடுடான்னா, அர்ஜுன் தேஷ்வாலைப் போடணும்ங்கறான்.

போட்டுட்டாங்க. 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம் ரூபா. பேரன் குழியிலயிருந்து துள்ளி வெளிய வந்து ஒரு ஆட்டம் ஆடினான் பாரு, கூலி ஏத்திக் குடுத்த அன்னிக்குக்கூட தறிக்காரன் அப்பிடி ஆடமாட்டான். ஏத்திக் குடுத்தாதானே ஆடறதுக்குன்னு கேக்காதீங்க.

மறுநாள் டீக்கடையில இவனோட சேக்காளிங்க நாலு பேரு. எந்த டீமுக்கு பத்துக்கு எத்தனை மார்க்குன்னு சண்டை. தலைவாஸுக்கு எட்டரைங்கறான் ஒருத்தன். ஒம்போதுங்கறான் இன்னொருத்தன். பாவு இன்னும் தோயலை, சாயம் இன்னும் ஏறலை, முந்தானை நல்லா வந்துருக்குதுன்னு மார்க்குப் போடறானுங்க. "நீ என்னா தாத்தா சொல்ற?"ன்னு எங்கிட்ட வந்தானுங்க. நான் டீயை ஆத்திக்கினு இருந்தேன். ஆத்தறதுக்கும் ஒரு நேரம் வேணும் இல்ல?

நான் சொல்லப்போறது இந்தப் பசங்களுக்கு இல்ல. மும்பையில குளிர்ரூம்ல விசிறி மாதிரி ஒரு அட்டையை வெச்சுக்கினு உக்காந்திருக்கறாங்களே, அந்த மேஜைக்காரத் தம்பிங்களுக்கு. கெழவன் பேச்சுன்னு தள்ளிடாதீங்க. கெழவன் ஒண்ணும் துட்டு கேக்கலை.

எங்க ஊர்ல ஒரு மலை இருக்குது. அதுல நேமிநாதரு பாறையில அம்பது அடிக்கு மேல ஒசரமா நிக்கறாரு. ராஜராஜ சோழனோட அக்கா குந்தவை பேர்ல அங்க ஒரு ஜினாலயமும் இருக்குது. அந்த மலையில ராஜேந்திர சோழனோட பதிமூணாவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு உண்டு. படிச்சவங்க தேடிக்கினு வருவாங்க. ராஜாவோட படை வடக்கே கங்கை வரைக்கும் போனது, வங்காளத்து மகிபாலனைத் தொரத்தினது, யார் யாரை செயிச்சான்னு வரிசையா வெட்டி வெச்சிருக்குது. எம் பேரன் ஏலப் பட்டியலைப் படிக்கக் கேட்டப்ப எனக்கு அந்தக் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. இமாச்சலத்துல ஒருத்தர், உத்தரப் பிரதேசத்துல ஒருத்தர், டெல்லியில ஒருத்தர், ராஜஸ்தான்ல ஒருத்தர். ராஜேந்திரன்கூட அம்மாம் பேரைப் பிடிச்சிருக்க மாட்டான். அவன் யானை கட்டிப் போனான், இவங்க விசிறியை ஆட்டினாங்க.

ஒரு வித்தியாசம் இருக்குது. அவன் செயிச்சுட்டு வந்து எழுதி வெச்சான். இவங்க எழுதி வெச்சுட்டு ஆடப் போனாங்க.

தலைவாஸு 2017-ல பொறந்த டீமு. அந்த வருஷம் அவங்க மண்டலத்துல கடைசி. 2018-லயும் கடைசி. அஜய் தாகூர் பாவம், ரெண்டு வருஷமும் ஒத்த ஆளா 200 பாயிண்டுக்கு மேல எடுத்துக் குடுத்தாரு. கரையில நல்ல ஜரிகை, உடம்புல நூலே இல்லைன்னா புடவை எப்பிடி நிக்கும்? 2019-ல மேஜைக்காரங்க யோசிச்சாங்க. ஒரு அஜய் இருந்தும் கடைசி. அப்போ இன்னொரு அஜய் வாங்கினா சரியாப் போயிடும். ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தாங்க. பிடிக்கறதுல பேர் போன மன்ஜீத் சில்லரு ஏற்கெனவே கூட இருந்தாரு. எம் பேரன் அன்னிக்கு வீடெல்லாம் சாக்லெட் குடுத்தான்.

பன்னெண்டு டீம்ல பன்னெண்டாவது.

இது ஏன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா என்னை யாரு கேட்டா? சின்ன வயசுல கர்நாடகத்துல ராமநகரம் பட்டுக்கூடு சந்தைக்கு ஒரு வியாபாரிகூட துணைக்குப் போயிருக்கறேன். அங்கயும் ஏலம்தான். முதத் தடவை வந்தவன் எது பெருசு, எது வெள்ளைன்னு பாப்பான். பழம் தின்னு கொட்டை போட்டவன் கூட்டைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாப்பான். உள்ள இருக்கற புழு கடகடன்னணும். சத்தம் வரலைன்னா உள்ளயே செத்து ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். ரொம்பப் பெருசா ஒரு கூடு கிடைச்சா அவன் சந்தோசப்பட மாட்டான், தனியா எடுத்துப் போட்டுருவான். அது ரெட்டைக்கூடு. ரெண்டு புழு ஒரே கூட்டுக்குள்ள சேர்ந்து கட்டினது. நூல் எடுத்தா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கினு அறுந்து அறுந்து வரும். கபடியில பாடிப் போறவன் ஒரு நேரத்துக்கு ஒருத்தன்தான். முப்பது விநாடி. அஜயும் ராகுலும் கையைக் கோத்துக்கினு போக முடியுமா?

அந்த வருஷமே ஐதராபாத் பக்கத்து தெலுகு டைட்டன்ஸு சித்தார்த் தேசாய்ங்கற பையனுக்கு 1 கோடியே 45 லட்சம் குடுத்தாங்க. அதுக்கு மொத வருஷம் அவன் 36 லட்சத்துச் சொச்சம்தான். நல்லா ஆடற பையன், குறை சொல்லக் கூடாது. டீமு பதினொண்ணாவது. நமக்கு அடுத்தாப்புல மேல ஒரு துணை இருந்துச்சேன்னு ஆறுதல்.

இந்த விலையெல்லாம் எப்பிடி ஏறிச்சுன்னு பேரன்கிட்டதான் கேட்டேன். 2014-ல முதல் ஏலம், ராகேஷ் குமாரு 12 லட்சத்து 80 ஆயிரத்துக்குப் போனதே பெரிய விலையாம். ஒம்போது வருஷத்துல அது ரெண்டரைக் கோடியைத் தாண்டிச்சு. என் கூலியும் அந்தக் கணக்குல ஏறியிருந்தா இந்நேரம் ஆரணியில பாதியை நான் வாங்கியிருப்பேன். மீதிப் பாதி வேணாம், டிராபிக் ஜாஸ்தி.

சரி, 2022 கதைக்கு வர்றேன். இதைச் சொல்லத்தான் டீயே ஆத்தினேன். அந்த வருஷம் ஒரு டீமு மொத்தமா செலவு பண்ணலாம்னு குடுத்த துட்டு 4 கோடியே 40 லட்சம். நம்ம ஆளுங்க பவன் செராவத் ஒருத்தருக்கு மட்டும் 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் குடுத்தாங்க. கபடியில அதுவரைக்கும் யாருக்கும் அந்த விலை இல்ல. பாதிக்கு மேல. வீட்டுக் கல்யாணத்துக்கு வெச்சிருந்த துட்டுல பாதியை முகூர்த்தப் புடவைக்குக் குடுத்துட்டு, பந்திக்கு ரசம் போதும்னு சொன்ன கதை. ஆனா பவன் சாதாரண ஆள் இல்ல. அந்தக் காலை நானும் டிவியில பார்த்திருக்கறேன். குதிச்சான்னா பிடிக்கறவன் தலைக்கு மேல போவான்.

அக்டோபர் மாசம், பெங்களூரு. முத மேட்சு. குஜராத்து டீமுகூட. எதிர்ப்பக்கம் பாடி வந்தது நம்மூருத் தமிழ்ப் பையன் சந்திரன் ரஞ்சித். ஆமாம், அவன் குஜராத்து, டெல்லிக்காரரு பவன் தமிழ்நாடு. உலகம் இப்பிடித்தான் சுத்திக்கினு இருக்குது. ரஞ்சித்தைப் பிடிக்கப் போன பவனுக்கு முட்டி திருகிடிச்சு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கினாங்க. அந்த சீசனுக்கு அத்தோட சரி. ரெண்டே கால் கோடி ஒரே நாள்ல உக்காந்துடிச்சு. எம் பேரன் ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை, எனக்கும் தறியில கொஞ்சம் வேலை ஓடிச்சு.

யாரு தப்பு? யாருதும் இல்ல. அடிபடறது விதி. பவனைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிடும். என் கேள்வி வேற. அன்னிக்கு 31-க்கு 31-னு மேட்சை சமமா முடிச்சாங்களே, யாரை வெச்சு? அப்பால அந்த வருஷம் பூரா பாடினது யாரு?

நரேந்தர்னு ஒரு அரியானாப் பையன். புது இளம் ஆட்டக்காரங்கன்னு ஒரு கணக்கு இருக்குது, அதுல சேர்த்தவன். அதாவது அவனுக்காக விசிறி ஆடவே இல்ல. மார்க்குப் போட்டவங்க யாரும் அவன் பேரை எழுதலை. அந்தப் பையன் முத வருஷத்துலயே 243 பாயிண்டு. அதுவரைக்கும் மொத வருஷத்துல வேற யாரும் அம்மாம் எடுத்ததில்ல. பின்னால பிடிக்கறதுக்கு ஒரு மூலையில சாகர், இன்னொரு மூலையில சாஹில் குலியா. நடுவுல கோச்சு வேற மாறினாரு, ஆஷன் குமார் வந்தாரு. அஞ்சாவது எடம். தோத்தா வெளியங்கற மேட்சுல உத்தரப் பிரதேசத்து டீமுகூட 36-க்கு 36-னு முடிஞ்சு, அப்பால அஞ்சு அஞ்சு தடவை பாடி 6-க்கு 4-னு செயிச்சாங்க. அரையிறுதியில புனேகிட்ட 39-க்கு 37-னு ரெண்டு பாயிண்டுல போச்சு. தலைவாஸு பொறந்து அதுவரைக்கும் அந்த வாசப்படியை மிதிச்சதே இல்ல.

எங்க மலைக் கல்வெட்டைப் பத்திச் சொன்னேனே, அதோட கடைசி வரியில என்னா இருக்குதுன்னு தெரியுமா? அம்மாம் பெரிய ராஜாவோட வெற்றியெல்லாம் பாட்டா பாடிட்டு, முடிவுல ஒரு வியாபாரியோட பொஞ்சாதி, சாமுண்டப்பைன்னு பேரு, கோயில்ல ஒரு நந்தா விளக்குக்குக் குடுத்தாங்கன்னு முடியும். அதை எழுதத்தான் கல்லே வெட்டினது. ராஜா பேரு முன்னால வந்தது மரியாதைக்கு. நரேந்தர் அந்தக் கடைசி வரி.

அடுத்த வருஷம் பவனை விட்டுட்டாங்க. டைட்டன்ஸு 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் குடுத்து வாங்கினாங்க. 22 மேட்சுல ரெண்டுல செயிச்சு அவங்க கடைசி. அந்த வருஷம் எங்க டீக்கடையில பக்கத்து எலைப் பாயசத்தைப் பார்த்து எல்லாரும் சிரிச்சோம். சிரிப்பு அடங்கறதுக்குள்ள 2024-ல நம்ம ஆளுங்க சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் குடுத்தாங்க. ஒம்போதாவது எடம். நம்ம எலையிலயும் பாயசம்.

தம்பிங்களா, கோராப்பட்டு பார்த்திருக்கீங்களா? விறைப்பா, மொறமொறன்னு, எடை கனமா இருக்கும். வாங்கறவன் எடைக்குத்தான் துட்டு குடுப்பான். அதை சோப்பு, சோடா போட்டு வேகவெச்சா பூச்சி ஒட்டின பசை எல்லாம் கரையும். கிலோவுக்கு கால் கிலோ போயிடும். முக்காக் கிலோதான் தறிக்கு வரும். ஆனா அந்த முக்காக் கிலோதான் பளபளன்னு, மெத்துன்னு பட்டா இருக்கும். ஆட்டக்காரன் விலையிலயும் பசை உண்டு. போன வருஷத்துப் பாயிண்டு, டிவியில வந்த குதிப்பு, எதிர் மேஜைக்காரன் கேட்டான்ங்கற ரோஷம், எல்லாம் பசைதான். வேகவெச்ச அப்பால எவ்ளோ நிக்கும்னு கணக்குப் போட்டு விலை கேளுங்க. தறிக்காரன் இந்தக் கணக்கைத் தப்பாப் போட்டா அந்த மாசம் கஞ்சி. நீங்க போட்டா அடுத்த வருஷம் இன்னொரு ஏலம்.

என் பங்குக்கு நானும் ஒரு ஏலத்துல ஏமாந்தவன், மறைக்கலை. எனக்கு இருவத்தஞ்சு வயசு. காணும் பொங்கலுக்கு எங்க ஊரு சடுகுடு டீமுக்கு நான்தான் ஆள் சேர்க்கறவன். பக்கத்து ஊர்ல ஒருத்தன், கடா மீசை, கதவு மாதிரி நெஞ்சு. அவன் நம்ம பக்கம் ஆடினா செயிச்சோம்னு ரெண்டு கோழி பேசி கூட்டியாந்தேன். கோழியை மேட்சுக்கு முன்னாலயே குடுத்ததுதான் என் தப்பு. பாடப் போனான், நடுக்கோட்டைத் தாண்டறதுக்குள்ள ஏப்பம் வந்து மூச்சு விட்டுட்டான். சடுகுடுன்னு சொல்ல வேண்டியவன் ஏவ்னான். அன்னிக்கு எங்களுக்கு மூணு பாயிண்டு எடுத்தது மாடு ஓட்டிக்கினு போன ஒரு பொடியன். ஆள் கொறையுதேன்னு வெறும் எண்ணிக்கைக்கு நிக்க வெச்சவன். அவன் மாட்டைப் பிடிச்சுக்க வேற ஒருத்தனை நிக்க வெக்க வேண்டியிருந்தது.

அன்னியிலயிருந்து நான் பையனைப் பாக்கறது வேற மாதிரி. புதுப் பையன் பாயிண்டு எடுக்கறப்ப நான் பாக்கறதே இல்ல, அப்போதான் துண்டால மூஞ்சி தொடைப்பேன். பிடிபட்டு எந்திரிக்கறான் பாரு, அப்போ பாப்பேன். சட்டையைப் பாக்கறானா, நடுவரைப் பாக்கறானா, தன்னைப் பிடிச்சவன் எங்க நின்னான்னு திரும்பிப் பாக்கறானா? மூணாவது செய்யறவன் என் ஆளு. ரெண்டு தடவை சும்மா போய் சும்மா வந்தா, மூணாவது தடவை பாயிண்டு எடுத்தே ஆகணும், இல்லைன்னா வெளிய உக்காரணும்னு சட்டம். அந்த மூணாவதுக்கு எவன் தானா முன்னால வர்றான்னு பாக்கணும். பெரிய பேருக்காரங்க அந்த நேரத்துல ஷூ கயிறு கட்டறதை நான் பார்த்திருக்கறேன்.

பிடிக்கறவனை எடை போடறது இன்னும் கஷ்டம். கோர்வைத் தறியில ரெண்டு பேரு உக்காருவாங்க. உடம்பு நாடாவைப் போடறவன் பெரியவன். கரைநாடாவைப் போடறது பக்கத்துல ஒரு பொடியன். புடவையைப் பாக்கறவங்க பெரியவன் கைவேலைன்னு சொல்லுவாங்க. அந்தப் பொடியன் ஒரு இழை விட்டா கரை தனியா, உடம்பு தனியாப் பிரிஞ்சு நிக்கும். மூலையில நிக்கறவன் கணுக்காலைப் பிடிச்சவுடனே பக்கத்துல நிக்கறவன் இடுப்புக்கு வரணும். தனியா ஒருத்தன் எத்தனை பிடிச்சான்னு பேப்பர்ல போடறாங்க. பக்கத்துல இருக்கறவன் எத்தனை தடவை வந்தான்னு எவன் எழுதறான்? ஜோடியா வாங்குங்க. ஜோடியில ஒண்ணை விக்காதீங்க.

"அமெரிக்காவுல வேற மாதிரி தாத்தா"ன்னு பேரன் சொன்னான். அவங்க ஊரு ஃபுட்பால் முட்டை மாதிரி பந்து, கையில தூக்கிக்கினு ஓடறது. காலேஜ் பசங்களை வரிசையா எடுப்பாங்களாம், போன வருஷம் கடைசியா வந்த டீமுக்கு முதல் பையனாம். அட, நம்ம தலைவாஸுக்கு அந்த ஊரு தோதாப் போயிருக்குமேன்னேன். ஆனா அங்கயும் இதே கூத்துதான். டாம் பிரேடின்னு ஒருத்தன், 2000-ல 198 பேரை எடுத்த அப்பால எடுத்தாங்க, ஏழு தடவை கோப்பை வாங்கினான். 2022-ல கடைசி ஆளு, 262-வது, பிராக் பர்டின்னு ஒரு பையன். அந்தக் கடைசி ஆளுக்கு உபயோகம் இல்லாதவன்னு பட்டப்பேரே வெச்சு வருஷா வருஷம் கிண்டல் பண்ணுவாங்களாம். அந்தப் பையன் ரெண்டே வருஷத்துல டீமைக் கடைசி மேட்சு வரைக்கும் கூட்டிக்கினு போனான். நம்ம நரேந்தர் வந்த அதே வருஷம், பாரு. அங்க மேஜை நீளம், அவ்ளோதான்.

இதையெல்லாம் கேட்டுட்டு, கெழவன் பெரிய பேரே வேணாம்ங்கறான்னு எழுதிடாதீங்க. புனேக்காரங்க 2023-24 சீசன்ல கோப்பை தூக்கினாங்க. அவங்களும் ஈரான்லயிருந்து ஷாத்லூவை 2 கோடியே 35 லட்சத்துக்கு வாங்கினவங்கதான். ஆனா அதுக்கு முன்னால அஸ்லம் இனாம்தார் மாதிரி பசங்களை வருஷக்கணக்கா பக்கத்துல வெச்சு, தோத்தாலும் விடாம ஆட வெச்சிருந்தாங்க. பாவு ஓடி முடிஞ்ச அப்பால கடைசியில ஜரிகை வாங்கினாங்க. ஜரிகைன்னா என்னா? உள்ள ஒரு இழை பட்டு, அது மேல வெள்ளி சுத்திக்கினு இருக்குது. உள்ள இழை இல்லைன்னா வெள்ளி எதைச் சுத்தும்?

வடக்கத்தி ஆளு வேணாம்னும் சொல்லலை. நரேந்தரே வடக்கத்திதான். ஆனா மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வாங்கின நாடு இது. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாப்பது வயசுக்கு மேல பாட்னா டீமுக்குக் கேப்டனா நின்னு 2016-ல கோப்பை வாங்கிக் குடுத்தாரு. பாட்னாக்காரனுக்குத் தெரிஞ்ச வழி உங்களுக்குத் தெரியாதான்னு ஒரு சந்தேகம், அவ்ளோதான்.

பவன் என்னா ஆனாருன்னு கேக்கறீங்களா? அதே 2025 ஏலத்துல தலைவாஸு அவரைத் திருப்பி வாங்கினாங்க. 59 லட்சத்து 50 ஆயிரம். பசை போன எடை. "இப்போ சரியான விலை"ன்னு நான் சொன்னேன். அன்னிக்கு டீக்கடையில நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். சீசன் நடுவுலயே அவரும் டீமும் பிரிஞ்சாங்க. ஆக நானும் மார்க்குப் போட்டு மாட்டிக்கினேன், பேரன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

மேஜைக்காரத் தம்பிங்களே, காணும் பொங்கலன்னிக்கு எங்க ஊருப் பக்கம் வாங்க. சாயங்காலம் மூணு மணிக்கு ஏரிக்கரையில ஆரம்பிக்கும். டீ என் செலவு, கோழி மட்டும் மேட்சு முடிஞ்ச அப்பாலதான். வர்றப்ப அந்த விசிறி அட்டையை மறக்காம எடுத்தாங்க, ஏரிக்கரையில நிழல் கிடையாது.